வெள்ளாற்று முகத்துவாரம்: மழைக்காலத்தில் மீன்குஞ்சுகள் எங்கே போகின்றன?

ஆற்றோரத்தான்:
பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் கரையோரத்து மீன்குஞ்சுகள் கண்ணிலேயே படுவதில்லை. தை பிறந்ததும் மடவைக் குஞ்சுகள் கூட்டமாகத் திரும்புகின்றன. இடைக்காலத்தில் அவை எங்கே இருக்கின்றன? மேல்நீரை வாயில் வைத்தால் உப்பே தெரிவதில்லை.

உவர்நீர்:
தாங்கள் தையில் காண்பவை திரும்பி வந்தவை அல்ல, புதியவை. மடவை கடலுக்குச் சென்றே முட்டையிடும். அங்கே பொரித்த குஞ்சுகள் சில வாரங்கள் வளர்ந்த பிறகுதான் ஆற்றுக்குள் நுழைகின்றன. முன்பு இருந்தவற்றில் உவர்ப்பு மாற்றத்தைத் தாங்காதவை கடலுக்கு ஒதுங்குகின்றன. நீந்தும் வலு வராத மிகச் சிறிய குஞ்சுகளை வெள்ளமே அடித்துச் செல்கிறது. மேல்நீரை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். நன்னீர் இலேசானது என்பதால் மேலே ஓட, கனமான கடல்நீர் அடியில் ஆப்புப்போல் உள்ளே புகுகிறது. பெருவெள்ளம் அதையும் வெளியே தள்ளிவிடும் என்றாலும், வேகம் தணிந்ததும் ஏற்றத்தோடு, அதாவது கடல்மட்டம் உயரும் வேளையில், அது மறுபடி நுழையும். பல இனங்களின் குஞ்சுகள் ஏற்றத்தின்போது மேலெழுந்தும் வற்றத்தின்போது அடியில் பதுங்கியும், சொந்த வலுவால் இயலாத தூரத்தை நீரோட்டத்தின் உதவியாலேயே கடக்கின்றன.

அலையாத்தி:
வெள்ளத்தை மட்டும் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அது கொண்டுவரும் சத்துகளால்தான் மழை ஓய்ந்து நீர் தெளியும்போது மிதவை உயிரிகள் பெருகுகின்றன. தையில் வரும் குஞ்சுகளுக்கு அதுவே இரை. கலங்கல் நீர் கொடுவா போன்ற வேட்டை மீன்களின் பார்வையிலிருந்து அவற்றை மறைக்கவும் செய்கிறது, அளவு மீறினால் செவுள்களை அடைத்துவிடும் என்பதும் உண்மைதான். என் கணிப்பில் கோடையே கடுமையானது. 25 பாகை வெப்பமுள்ள நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 பாகை வெப்பமுள்ள கடல்நீரில் 6 மில்லிகிராமுக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். ஓட்டம் குறைந்து, மணல்திட்டு வாயை நெருக்கும்போது, ஆழமற்ற ஓரங்களில் விடியற்காலையில் இதுவும் குறைந்துவிடும். பிச்சாவரத்து அலையாத்தி வேர்களின் நிழல் அப்போது பெரும் புகலிடம்.

ஆற்றோரத்தான்:
நன்றி. அப்படியானால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடை கோடைக் குஞ்சுகளைக் காக்குமா?

உவர்நீர்:
அது கடலில் விசைப்படகுகளுக்கானது. ஆற்றுவாயில் இழுக்கப்படும் கொசுவலையை அது தடுப்பதில்லை. அடுத்த முறை, ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது, கயிறு கட்டிய புட்டியை அடிவரை இறக்கி, அங்கே மூடியைத் திறந்து நீர் எடுத்துச் சுவைத்துப் பாருங்கள்.