கோவை எஃப்எம் வாயாடிகள் இப்போது எங்கே?

கள்ளுவண்டி (கொழிஞ்சாம்பாறை):

பாலக்காட்டுக் கணவாயைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரேடியோதான் விளக்கியது. மலை விட்டுப்போன இடம் என்பதால் எங்களுக்குக் கிழக்கே மறைப்பு கிடையாது. எஃப்எம் அலை நேர்கோட்டில் வருவது. கோயம்புத்தூர் நிலையங்கள் எங்கள் கேரள எல்லை ஊர்களான வேலந்தாவளம், எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை எங்கும் சுத்தமாக எடுக்கும். கேரளத்தின் முதல் தனியார் எஃப்எம் 2007இல் கோழிக்கோட்டில்தான் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நாங்கள் தமிழில் வாயாடும் கோவை அறிவிப்பாளர்களைக் கேட்டுப் பழகிவிட்டோம்.

நான் சித்தூர்த் தோப்புகளிலிருந்து கள் ஏற்றித் திருச்சூர்ப் பக்கம் போகும் வண்டி ஓட்டுகிறேன். விடியற்காலையில் கிளம்பினால் திருச்சூருக்கு முன்னாலுள்ள குதிரான்வரை கோவைக்காரர்கள்தான் துணை. காலை நிகழ்ச்சியில் ஒருவர் இருந்தார். மனைவிக்கு ஒரு பாட்டுப் போடுங்கள் என்று யாராவது அழைத்தால், "நேற்று என்ன சண்டை? அதை முதலில் சொல்லுங்கள்" என்பார். சொன்னால், தீர்ப்பும் வழங்குவார். பெரும்பாலும் மனைவி பக்கம். நகைக்கடை விளம்பரத்தைப் படித்து முடித்துவிட்டு, "படிக்கச் சொன்னார்கள், படித்துவிட்டேன்" என்று ஒரு பெருமூச்சு விடுவார். குதிரான் மலை வரும்போது இரைச்சலாகி அறுந்துபோவார். அவர் வாக்கியம் பாதியில் நின்ற கடுப்பிலேயே மலை இறங்கியிருக்கிறேன்.

இப்போது அதே அலைவரிசையில் பாட்டு, விளம்பரம், மறுபடி பாட்டு. நடுவில் வருகிற குரலும் முந்தைய நாளே பதிவு செய்தது போலத் தெரிகிறது. பாட்காஸ்ட் கேள் என்கிறான் என் மச்சான். கேட்டேன். இருவர் உட்கார்ந்து, என்ன பேசப்போகிறோம் என்பதையே இருபது நிமிடம் பேசுகிறார்கள். அந்தப் பழைய வாய் எல்லாம் எங்கே போயிற்று? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மீனாட்சிபுரம் பெரியவர்:

தம்பி, வாய்த்துடுக்கு கோவை எஃப்எம்மில் பிறந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுக்குக் கடிவாளம் போட்டார். நாடு மொத்தமும் கொழும்பிலிருந்து வந்த இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பியது. 1957இல் அகில இந்திய வானொலியே திரைப்பாட்டுக்கென்று விவித பாரதியைக் கொண்டுவந்த பிறகும் எங்கள் வீட்டு முள் திரும்பவே இல்லை.

அங்கே அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜா பேசினால் மூச்சு எங்கே விடுகிறார் என்று தேட வேண்டும். அப்துல் ஹமீது நேர்மாறு. ஒவ்வொரு எழுத்தையும் துடைத்து வைப்பார். ஆனால் சிரிப்புக்கென்றால் நான் சொல்வது 'கோமாளிகள் கும்மாளம்' என்ற வானொலி நாடகம். மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்று நான்கு பேர். நால்வரும் நான்கு விதத் தமிழில் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே இருப்பார்கள். அதில் ஐயராக வந்தவர் அதே அப்துல் ஹமீதுதான். எங்கள் ஊர்ச் சந்தையில் கொங்குத் தமிழும் மலையாளம் கலந்த தமிழும் ஐயர் வீட்டுத் தமிழும் ஒன்றோடொன்று மோதும். அதனால்தானோ என்னவோ, இலங்கைக்காரர்களின் அந்தச் சண்டை எங்களுக்கு உள்ளூர்ச் சண்டையாகவே கேட்டது.

நூல்கண்டு (வேலந்தாவளம்):

எல்லாரும் இனிக்க இனிக்கப் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் உப்புப் போடுகிறேன். நான் வேலை செய்த தையல் கூடத்தில் நாள் முழுக்க ரேடியோ ஓடும். ஒருநாள் எங்களோடு தைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஒரு நிலையத்திலிருந்து அழைப்பு. வங்கியிலிருந்து பேசுவதாகவும் அவள் கேட்ட கடன் கிடைத்துவிட்டதாகவும் சொன்னார்கள். அவள் பெயரைக் கொடுத்ததே அவளுடைய கொழுந்தன்தான். இவள் மெஷினை நிறுத்திவிட்டு அழுதபடியே நன்றி சொன்னாள். பிறகு அந்தப் பக்கம் கெக்கெக்கே என்று சிரிப்பு. மறுநாள் அது ஒலிபரப்பானபோது மேற்பார்வையாளர் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

அண்ணா, உங்கள் காலை நிகழ்ச்சிக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் அந்த வாயெல்லாம் கடன் கேட்டவளிடமும் பிள்ளைக்கு வேலை தேடிய அப்பனிடமும்தானே நீண்டது? ஒரு மந்திரியிடம் நீண்டதாக எனக்கு நினைவில்லை.

பழைய கன்சோல் (கோவை):

அக்கா சொன்னதற்குப் பதில் எஃப்எம் நிலையத்துக்குள்ளே இருந்தவன் என்ற முறையில் நான் சொல்ல வேண்டும். மந்திரியைப் பற்றிப் பேச எங்களுக்கு வழியே இல்லை. வானலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. பின்னாளில் தளர்த்தியதும், அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம் என்ற அளவுக்குத்தான். அரசியலைத் தொட்டால் உரிமத்துக்கே ஆபத்து என்று மேலிடம் நடுங்கும். மீதி என்ன? சினிமா, போக்குவரத்து நெரிசல், மாமியார், இவ்வகை ஏமாற்று அழைப்புகள். சினிமாவையும் நிறையச் சீண்ட முடியாது. படம் எடுப்பவர்தான் விளம்பரமும் தருபவர்.

கள்ளுவண்டி அண்ணன் சந்தேகப்பட்டது சரி. செலவைக் குறைக்க ஒரே குரலைப் பதிவு செய்து பல ஊர்களுக்கு அனுப்பும் பழக்கம் வந்தது. பேசுகிறவருக்கு ஊர் தெரியாது. கோவை உக்கடத்தில் பஸ் நிற்கும் இடம்கூடத் தெரியாதவர் உங்களை எதைச் சொல்லிச் சீண்டுவார்? வாய் உள்ளவர்கள் சினிமாவுக்கும் யூடியூபுக்கும் போய்விட்டார்கள். நடிகர் ஆர்.ஜே.பாலாஜியே கோவை நிலையத்தில் ஆரம்பித்தவர்தான்.

நகரித் தறி:

நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்கள் பக்கம் சென்னை எஃப்எம் திருத்தணியோடு சரி. ஆந்திர எல்லையில் எங்கள் நகரிக்குள் பஸ் நுழைந்தால் கரகரப்புதான். கூரைமேல் கம்பி கட்டியும் பார்த்தோம். சிரிப்புத் துணுக்கின் முன்பாதி கிடைக்கும், பின்பாதியைத் தறிக்காரர்கள் நாங்களே இட்டுக்கட்டுவோம். நிலையத்தில் சொன்னதைவிட நன்றாகவே இருந்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

கள்ளுவண்டி:

நூல்கண்டு, அந்த மாதிரி அழைப்புகளை நானும் கேட்டிருக்கிறேன், சிரித்தும் இருக்கிறேன். அந்தப் பக்கம் பேசியவர்களை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அந்தப் பெண் பிறகு கடன் வாங்கினாளா, இல்லையா?

கன்சோல் தம்பி, குதிரானில் 2021இல் சுரங்கப்பாதை திறந்துவிட்டார்கள். மலை ஏறுகிற வேலையே இல்லை. உள்ளே நுழைந்தால் மலையாள நிலையமும் சேர்ந்து செத்துவிடும்.

பெரியவர் ஐயா, கோமாளிகள் பதிவு ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? வெள்ளிக்கிழமை மீனாட்சிபுரம் வழியாகத்தான் வருகிறேன். பென் டிரைவ் கொண்டுவருகிறேன்.

நூல்கண்டு:

வாங்கினாள், அண்ணா. கூட்டுறவுச் சங்கத்தில். இரண்டு மெஷின் போட்டிருக்கிறாள். அவள் கடையில் டிவி இருக்கிறது, ரேடியோ இல்லை.