என்க்ரிப்ஷன் மென்பொருளுக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) லைசென்ஸ் கேட்கிறார் அமெரிக்க வாடிக்கையாளர்: என்ன பதில் அனுப்புவது?

பீளமேட்டான் கேட்டது:

வணக்கம். கோவையில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். பம்ப், வால்வு தயாரிப்பவர்கள் தங்கள் வரைபடங்களைக் குறியாக்கம் செய்து வெளியே அனுப்புவதற்கான மென்பொருள் எங்களுடையது. இப்போது அமெரிக்காவில் ஒரு நிறுவனம் அதை வாங்கித் தங்கள் சர்வரிலேயே நிறுவிக்கொள்ள முன்வந்திருக்கிறது. விலையெல்லாம் பேசி முடித்தாயிற்று. கையெழுத்துக்கு முன்னால் ஒரு எக்செல் தாள் வந்திருக்கிறது. வரிக்கு ஓர் அல்காரிதம் (குறியாக்கக் கணக்கு முறை): ஏஇஎஸ், ஆர்எஸ்ஏ, இசிடிஹெச், ஐடியா, ஆர்சி5, எம்டிசி2. கடைசிக் கட்டத்தில் "காப்புரிமை லைசென்ஸ் உள்ளதா? ஆம் / இல்லை".

எங்கள் பில்டை (நிறுவத் தயாரான தொகுப்பை) ஸ்கேன் செய்து இந்தப் பட்டியலை அவர்களே எடுத்திருக்கிறார்கள். நாங்கள் நேரடியாகப் பயன்படுத்துவது முதல் மூன்றுதான். மற்றவை, பழைய கோப்புகளைத் திறக்க வைத்திருக்கும் ஒரு மாட்யூலுக்குள் இருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இலவசக் குறியாக்க நூலகத்தின் பழைய 0.9.8 பதிப்பில் இருந்து வந்தவை. அதன் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பைத் திறந்து பார்த்தால் காப்புரிமை என்று தனித் தலைப்பே இருக்கிறது. ஐடியா அஸ்காம் நிறுவனத்துடையது, ஸ்விட்சர்லாந்து, ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா என்று நாடுகளின் பட்டியலோடு, பயன்படுத்த வேண்டுமானால் அவர்களைத் தொடர்புகொள்ளவும் என்று எழுதியிருக்கிறது. இதைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை.

ஒப்பந்தத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. யாராவது காப்புரிமை வழக்குப் போட்டால் முழுச் செலவும் நாங்கள் ஏற்க வேண்டும், வரம்பு இல்லை. இலவச மென்பொருளுக்கு யாரிடம் போய் லைசென்ஸ் வாங்குவது? இந்தியாவில் அல்காரிதத்துக்குக் காப்புரிமையே கிடையாது என்கிறார்களே, அதை எழுதி அனுப்பினால் போதுமா?

கடவுச்சொல் பதில்:

தம்பி, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். அந்தத் தாளில் இருக்கும் பெயர்களில் இன்று பணம் கட்ட வேண்டியது எதுவுமே இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், அப்படியே பதிலில் போடலாம்.

ஆர்எஸ்ஏ காப்புரிமை அமெரிக்காவில் மட்டும்தான் இருந்தது. 1977-இல் முறையை வெளியே சொல்லிவிட்டு அப்புறம்தான் விண்ணப்பித்தார்கள். வெளியிட்ட பிறகும் ஓராண்டு அவகாசம் தரும் சட்டம் அமெரிக்காவுடையது. மற்ற பல நாடுகளில் வாசல் மூடிவிட்டது. 1983-இல் கிடைத்த அந்தக் காப்புரிமை 2000 செப்டம்பரில் முடிந்தது. முடிவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே ஆர்எஸ்ஏ செக்யூரிட்டி நிறுவனம் அதைப் பொதுவுடைமை ஆக்கிவிட்டது. ஏஇஎஸ் தரத்தைத் தேர்வு செய்ய அமெரிக்க அரசு நடத்திய போட்டியிலேயே, வென்றால் ராயல்டி கேட்கக் கூடாது என்பது நிபந்தனை. 2001-இல் தரமாக வந்ததிலிருந்து எல்லோரும் சும்மா பயன்படுத்துகிறோம்.

ஐடியாதான் நிஜமாகவே பலரைப் படுத்தியது. சூரிச்சில் லாய், மாஸி இருவரும் உருவாக்கியது. சொந்த உபயோகத்துக்கு இலவசம், வணிகத்துக்குக் கட்டணம். ஃபில் ஸிம்மர்மன் அதைத் தான் எழுதிய பிஜிபி என்ற மின்னஞ்சல் குறியாக்க மென்பொருளுக்குள் வைத்ததால் பிரச்சினை உலகம் முழுக்கப் போனது. அமெரிக்காவில் ஒரு கம்பெனி பிஜிபி பயன்படுத்த வேண்டுமானால் ஆர்எஸ்ஏவுக்கும் அனுமதி வேண்டும், ஐடியாவுக்கும் அனுமதி வேண்டும். அதற்காகவே 1993-இல் வியாகிரிப்ட் என்ற நிறுவனம் லைசென்ஸோடு சேர்த்து பிஜிபியை விற்றது. பிஜிபிக்கு இலவச மாற்றான குனு பிஜி பல ஆண்டுகள் ஐடியாவைச் சேர்க்கவே இல்லை. ஐரோப்பிய காப்புரிமை 2011-இலும் அமெரிக்க காப்புரிமை 2012 ஜனவரியிலும் முடிந்த பிறகு, அந்த டிசம்பரில் வந்த 1.4.13 பதிப்பில்தான் உள்ளே வந்தது. ஆர்சி5 2015-இல் முடிந்தது. ஐபிஎம்மின் எம்டிசி2 அதற்கும் முந்தியது, 2007.

நீங்கள் பார்த்த ரீட்மீ அந்தக் காலத்தில் உண்மை. இப்போது அந்த எச்சரிக்கைக்கு உயிர் இல்லை. ஆனால் 0.9.8-ஐ இன்றைய ஒரு பொருளில் வைத்து விற்பது காப்புரிமையைவிடப் பெரிய ஆபத்து. 2015 கடைசியோடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன.

சான் ஹோசே வாசி பதில்:

கடவுச்சொல் அண்ணா சொன்னதெல்லாம் சரி. இசிடிஹெச்சை மட்டும் ஒரு வரியில் தாண்ட முடியாது, ஏனென்றால் வாடிக்கையாளரின் வக்கீல் அதைத்தான் பிடிப்பார்.

இசிடிஹெச் என்பது நீள்வளைவு (எலிப்டிக் கர்வ்) கணிதத்தை வைத்துச் சாவி பரிமாறும் முறை. அந்த நீள்வளைவு முறையின் அடிப்படைக்குக் காப்புரிமை இல்லை. 1985-இல் கோப்ளிட்ஸ், மில்லர் இருவரும் தனித்தனியாகச் சொன்னது. ஆனால் அதை வேகமாக, சுருக்கமாகச் செய்யும் வழிகளுக்கு கனடாவின் செர்டிகாம் நிறுவனம் நூற்றுக்கும் மேல் காப்புரிமைகள் வைத்திருந்தது. 2003-இல் அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவே 2.5 கோடி டாலர் கொடுத்து லைசென்ஸ் வாங்கியது. 2007-இல் செர்டிகாம் சோனி மீது வழக்குப் போட்டது. 2009-இல் அது கைவிடப்பட்டது. இந்த பயத்தால் ரெட் ஹாட், ஃபெடோரா என்ற லினக்ஸ் தொகுப்புகள் இரண்டும் 2013 வரை தங்கள் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பிலிருந்து நீள்வளைவுப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டே கொடுத்தன. அந்தக் காலத்தில் சர்வர் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் மூல நிரலில் இருக்கும், ஆனால் தொகுப்பிடம் அந்த வளைவைக் கேட்டால் இல்லை என்று வரும். நாமே மூலத்திலிருந்து பில்ட் செய்ய வேண்டும்.

2011-இல் வந்த ஆர்எஃப்சி 6090 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தைப் படித்துப் பாருங்கள். 1994 வரை அச்சில் வந்த கட்டுரைகளை மட்டும் ஆதாரமாகக் காட்டி நீள்வளைவு முறையை விளக்குகிறது. அவ்வளவு பழைய வழியில் செய்தால் எந்தக் காப்புரிமையும் குறுக்கே வராது என்பதற்காகவே அப்படி எழுதினார்கள். பிட்காயின் ஆட்களும் இதேபோல் பொறுமையாக இருந்தார்கள். நீள்வளைவுக் கணக்கை வேகப்படுத்தும் ஒரு வழியைத் தங்கள் நிரலிலேயே எழுதி, அணைத்து வைத்திருந்தார்கள். 2020 செப்டம்பரில் அதன் அமெரிக்கக் காப்புரிமை காலாவதியான பிறகுதான் திறந்துவிட்டார்கள்.

இன்னொன்று. தாளில் அல்காரிதம் பெயர் மட்டும் கேட்கிறார்கள், ஆனால் அதை எந்த மோடில் (நீண்ட தரவைத் துண்டு துண்டாகப் பூட்டும் விதத்தில்) ஓட்டுகிறோம் என்பதற்கும் காப்புரிமை இருக்கலாம். ஏஇஎஸ் இலவசம், ஆனால் ஓசிபி என்ற மோடுக்கு அதை உருவாக்கிய ரோகவே காப்புரிமை வைத்திருந்தார். 2021-இல்தான் அவர் அதையும் கைவிட்டார். ஜிசிஎம் என்ற மோடைப் பயன்படுத்தினால் அந்தக் கவலை இல்லை. பதிலில் மோடையும் சேர்த்து எழுதுங்கள்.

பீளமேட்டான்:

ரொம்ப நன்றி அண்ணா. ஜிசிஎம்தான். அப்படியானால் எல்லா வரியிலும் "காலாவதி, லைசென்ஸ் தேவையில்லை" என்று போட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாமா?

நுங்கம்பாக்கம் வக்கீல் பதில்:

வேண்டாம். தாளுக்குப் பதில் எழுதலாம், அந்தப் பிரிவில் இப்படியே கையெழுத்துப் போடக் கூடாது. இரண்டும் வேறு வேறு விஷயம்.

இந்தியச் சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். பிரிவு 3(கே): கணித முறை, வணிக முறை, வெறும் கணினி நிரல், அல்காரிதம் ஆகியவை காப்புரிமைக்குரிய கண்டுபிடிப்புகள் அல்ல. உண்மைதான். ஆனால் காப்புரிமை என்பது நாட்டுக்கு நாடு தனி. உங்கள் மென்பொருள் ஓடப்போவது அமெரிக்க சர்வரில். பயன்பாடு அங்கே நடக்கிறது, வழக்கும் அங்கே, பெரும்பாலும் உங்கள் வாடிக்கையாளர் மீதுதான் வரும். அந்தச் செலவைத்தான் உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். 3(கே)-யை எழுதி அனுப்பினால் அவர்கள் வக்கீலுக்கு உங்களுக்கு விஷயம் புரியவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

இரண்டாவது, காலாவதி ஆன அன்றே ஆபத்து முடிவதில்லை. அமெரிக்காவில் வழக்குத் தொடுக்கும் நாளிலிருந்து ஆறு ஆண்டுகள் பின்னோக்கி இழப்பீடு கேட்கலாம். டிகியூபி என்ற நிறுவனத்தின் கதை இதற்கு நல்ல பாடம். எஸ்எஸ்எல் (இணையதள இணைப்பைக் குறியாக்கும் முறை) உடன் ஆர்சி4 என்ற அல்காரிதத்தைப் பயன்படுத்தும் இணையதளங்கள் எல்லாம் தன் காப்புரிமைக்குள் வருகின்றன என்று நூற்றுக்கணக்கான நிறுவனங்களைத் துரத்தியது. பெரும்பாலோர் பணம் கொடுத்து விலகினார்கள். இணையக் கடையான நியூஎக் விசாரணை வரை போனது. 2013 நவம்பரில் டெக்சாஸில் ஜூரி 23 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. கவனியுங்கள், அந்தக் காப்புரிமை 2012-லேயே முடிந்துவிட்டது! நியூஎக் பக்கம் சாட்சி சொன்னவர் பொதுத் திறவுகோல் முறையைத் தந்த விட்ஃபீல்ட் டிஃபியே. அவர் சொல்லியும் ஜூரி கேட்கவில்லை. 2015-இல் நீதிபதி அந்தத் தீர்ப்பை நியூஎக் பக்கம் திருப்பினார்.

உங்கள் தாளுக்கு இந்தக் கணக்கைப் போட்டால், ஐடியாவுக்கு 2018 ஜனவரியோடும் ஆர்சி5-க்கு 2021 நவம்பரோடும் அந்த ஆறு ஆண்டும் தீர்ந்துவிட்டது. ஆகவே அந்த வரிகள் உண்மையாகவே சுத்தம்.

ஆனால் டிகியூபி காப்புரிமையில் எஸ்எஸ்எல் என்ற சொல்லே பெரிய விஷயம் இல்லை. தரவை அனுப்பும்போது சாவியை மாற்றிக்கொண்டே போவது பற்றிய ஒரு பழைய காப்புரிமை அது. அப்படி ஒன்று எங்கிருந்து கிளம்பும் என்று அல்காரிதம் பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் வரம்பில்லாத பொறுப்பை ஏற்காதீர்கள் என்கிறேன். நான் என் கட்சிக்காரர்களுக்குக் கேட்டு வாங்கித் தருவது இவை: பொறுப்புக்கு ஒரு வரம்பு, பெரும்பாலும் அந்த ஒப்பந்தத்தில் ஓராண்டுக் கட்டணம் அல்லது அதன் மடங்கு. வாடிக்கையாளர் மாற்றி அமைத்த பகுதிக்கும், அவர்கள் வேறு மென்பொருளோடு சேர்த்து ஓட்டியதால் வந்ததற்கும் நாம் பொறுப்பில்லை. வழக்கு வந்தால் உடனே நமக்குத் தெரிவிக்க வேண்டும், நடத்தும் உரிமை நமக்கு. சிக்கலான பகுதியை மாற்றித்தரவோ, முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தந்து ஒப்பந்தத்தை முடிக்கவோ நமக்கு வழி இருக்க வேண்டும். இந்தக் கடைசியை விட்டுவிட்டால் மற்றவற்றால் பாதிப் பயன்தான்.

"எந்தக் காப்புரிமையையும் மீறவில்லை" என்று உறுதி கேட்டால், "எங்களுக்குத் தெரிந்த வரையில்" என்று சேர்க்காமல் கொடுக்காதீர்கள். அதேபோல், நீங்களே உட்கார்ந்து காப்புரிமைகளைத் தேடி, "இது நம்முடையது போல இருக்கே" என்று குழு மெயிலில் எழுதாதீர்கள். தெரிந்தே மீறினார்கள் என்று நிரூபித்தால் இழப்பீடு மூன்று மடங்கு வரை போகலாம். தேட வேண்டுமென்றால் அமெரிக்க வக்கீல் மூலம் தேடுங்கள்.

கடவுச்சொல்:

மேடம், அந்தக் கடைசி விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. பொறியாளர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் காலாவதித் தேதிகளையே யாரும் பார்க்க மாட்டார்கள். இந்தத் தம்பியின் சிக்கல் தீர்ந்ததே தேதி பார்த்ததால்தான்.

நுங்கம்பாக்கம் வக்கீல்:

நியாயம்தான் சார். ஊரறிந்த காப்புரிமைகளின் தேதியைச் சரிபார்ப்பது நல்லதே, பதிவு செய்தும் வையுங்கள். நான் தடுப்பது, உரிமைக்கோரல் வாசகங்களைப் படித்து "மீறுகிறோம், மீறவில்லை" என்று பொறியாளரே தீர்ப்பு எழுதுவதை.

பீளமேட்டான்:

லைசென்ஸ் பற்றி ஒரு சந்தேகம் மிச்சம். ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறினால் அப்பாச்சி 2.0 லைசென்ஸில் காப்புரிமை அனுமதியும் சேர்ந்து வரும் என்கிறார்கள். அதைக் காட்டினால் போதாதா? அப்புறம், குவாண்டம் கணினிக்குத் தாங்கும் முறையும் அடுத்த ஆண்டுக்குள் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது.

சான் ஹோசே வாசி:

வரும், ஆனால் பாதிதான். அந்த அனுமதி, நிரல் எழுதிக் கொடுத்தவர்கள் தங்களுடைய காப்புரிமைகளுக்குத் தருவது. வெளியே இருக்கும் டிகியூபி மாதிரி ஆளை அது கட்டுப்படுத்தாது. பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் லைசென்ஸில் அதுகூடத் தெளிவாக இல்லை என்பதால் மாறுவது நல்லதே. 3-இல் ஐடியா, எம்டிசி2 எல்லாம் தனியாக ஒதுக்கப்பட்ட லெகசி பகுதிக்குப் போய்விட்டன, ஆர்சி5 பில்டிலேயே அணைந்திருக்கும். லெகசி பகுதியைச் சேர்க்காமல் விட்டால் ஸ்கேனும் சுத்தமாக வரும்.

குவாண்டம் விஷயத்துக்கு எம்எல்-கெம் எடுங்கள். 2024 ஆகஸ்டில் எஃப்ஐபிஎஸ் 203 என்ற அமெரிக்க அரசுத் தரமாக வெளியானது, முன்பு கைபர் என்ற பெயர். அதன் மீது உரிமை கோரக்கூடிய காப்புரிமைகள் இரண்டு தரப்பிடம் இருந்தன, ஒன்று பிரான்சின் அரசு ஆய்வு அமைப்பான சிஎன்ஆர்எஸ் தரப்பு, இன்னொன்று டிங் என்ற பேராசிரியர். தரமாக்கும் முன்பே அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் இருவரோடும் ஒப்பந்தம் போட்டு, பயன்படுத்துபவர்களுக்குக் கட்டணம் இல்லாமல் செய்தது. ஆனால் அந்தச் சலுகை தரத்தில் உள்ள முறைக்கு மட்டும். வேகம் கூட்டுகிறேன் என்று உங்கள் ஆட்கள் உள்ளே எதையாவது மாற்றினால் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே போய்விடலாம். நூலகத்தில் வருவதை அப்படியே பயன்படுத்துங்கள்.

பீளமேட்டான்:

எல்லோருக்கும் நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறேன். ஐடியா வேண்டியிருப்பது 90-களில் பிஜிபி 2.6-இல் பூட்டிய வரைபடங்களை இன்னும் வைத்திருக்கும் இரண்டு மூன்று உள்ளூர் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். அந்த மாட்யூலைத் தனியாகப் பிரித்து, குனு பிஜியை வைத்துத் திறக்கும்படி மாற்றுகிறோம். அமெரிக்காவுக்குப் போகும் பில்டில் அது இருக்காது. மற்றதை ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்கு மாற்றியாயிற்று. தாளில் "ஆம் / இல்லை" கட்டத்தை அடித்துவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் முறை, மோடு, காலாவதி ஆண்டு என்று எழுதியிருக்கிறேன். பொறுப்புப் பிரிவுக்கு மேடம் சொன்ன வரம்புகளோடு திருத்தம் அனுப்புகிறோம்.

நுங்கம்பாக்கம் வக்கீல்:

நல்லது. புதிய பில்டின் ஸ்கேன் அறிக்கையையும் அதே மெயிலில் இணைத்து, பழைய அறிக்கைக்குப் பதிலாக இதைக் கோப்பில் வைத்துக்கொள்ளும்படி எழுதிக் கேளுங்கள். பழையது அங்கேயே கிடந்தால் புதுப்பித்தல் நேரத்தில் வேறொரு வக்கீல் அதே ஆறு வரிகளோடு வருவார்.