மெதுவாக ஒலித்த ‘முன்னேறு வாலிபா’

சிங்கப்பூரில் இளைஞர்களுக்குக் கட்டாயமான ராணுவப் பயிற்சியான தேசிய சேவைக்காக, மகனைப் புலாவ் தெக்கோங் தீவில் விட்டுவிட்டுப் படகில் திரும்பிய அதே வாரம் நடந்தது இது. சனிக்கிழமை மாலை வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. எஸ்பிளனேட் கலையரங்கத்தின் நீரோரத்து வெளியரங்கில் போய் உட்கார்ந்தேன். கிட்டாருடன் ஒரு பெண், துணைக்கு யாரும் இல்லை. தான் எழுதிய இரண்டு பாடல்களைப் பாடியவள், அறிவிப்பு எதுவும் இல்லாமல் ‘முன்னேறு வாலிபா’வைத் தொடங்கினாள்.

1960களில் எஸ். ஜேசுதாசன் இயற்றிய பாடல். இங்கே படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு, ஏன், மற்ற இனத்தவர் பலருக்கும் மனப்பாடம். ஆகஸ்டில் தேசிய தினம் வந்தால் பள்ளி மண்டபம் அதிரக் கைதட்டிப் பாடுவோம். அவள் அதைத் தாலாட்டின் வேகத்துக்கு இறக்கியிருந்தாள். ‘முன்னே’ என்று நெடிலை நீட்டினாள். ‘று’ வரவே இல்லை. கம்பிகளை உள்ளங்கையால் அமர்த்தி, மூச்சு எடுத்து, பிறகுதான் அந்த ஓர் எழுத்தைச் சொன்னாள், ஏறக்குறையப் பேசும் குரலில். இத்தனை ஆண்டுகளாக எனக்கு அது அணிவகுப்பின் கட்டளை. அன்று, ‘போய் வா’ என்று சொல்ல வாய் வராத ஒருத்தி கடைசியில் சொல்லிவிட்டதுபோல் கேட்டது. தெக்கோங்கில் நானும் அப்படித்தான் நின்றேன்.

வேகத்தைக் குறைத்து, மேலே எதிரொலியைப் பூசிவிட்டால் சோகம் வந்துவிடும் என்று நம்பும் மறுபாடல்கள் எனக்குப் பிடிப்பதில்லை. இவள் யாருடைய கண்ணீரையும் கேட்கவில்லை. ‘வாலிபா’ வரும் இடத்தில் குரலில் லேசான சிரிப்புகூட இருந்தது. தோளுக்கு மேல் வளர்ந்துவிட்ட பிள்ளையைக் கூப்பிடும்போது வருமே, அந்தச் சிரிப்பு.

இந்தப் பதிவைப் படித்த ஒரு வாசகரின் மறுமொழி: அக்கா, இதைப் படித்ததும் விடுதியில் என் அறையில் இருந்த அண்ணன் நினைவுக்கு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கம். ஞாயிறு இரவு 11 மணிக்கு மகளுக்குத் தொலைபேசியில் பாரதியாரின் ‘சின்னஞ்சிறு கிளியே’ பாடுவார். ஊரில் அப்போது 8.30, அவள் தூங்கும் நேரம். கச்சேரிகளில் அதை ராகமாலிகையாகப் பாடுவார்கள், போகப் போக ராகம் மாறும். அண்ணனுக்கு முதல் மெட்டு மட்டுமே தெரியும், எல்லா அடிகளையும் அதிலேயே பாடிவிடுவார். மற்றவர்கள் தூங்குகிறார்களே என்று வாயருகே கையைக் குவித்துக்கொள்வார். குரல் எழும்ப வேண்டிய அடிகளெல்லாம் மூச்சாகவே வரும். அரங்கில் யார் அந்தப் பாட்டைப் பாடினாலும் இப்போது எனக்குச் சத்தம் கூடுதலாகவே தெரிகிறது.