கூடுபாய்தலா, நனவுப்பெயர்ப்பா?

உப்புவெளியிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம்.

அறிபுனை நாவல்களைத் தமிழாக்கும்போது, ஒருவருடைய நனவை இன்னோர் உடலுக்கு மாற்றுவதை எந்தச் சொல்லால் எழுதுவது என்பதே நம் கேள்வி. அதற்கு ரீச்சர் முன்வைத்த 'கூடுபாய்தல்' கேட்டவுடன் மனதில் ஒட்டுகிறது. சாத்தனூரில் இடையன் மூலன் இறந்துகிடக்க, அவனுடைய பசுக்களின் துயர் பொறாத சிவயோகியார் அந்த உடலுக்குள் புகுந்து திருமூலர் ஆன கதை பெரியபுராணத்தில் உண்டு. விளக்கமே வேண்டாத சொல். ஆனாலும் இந்த நாவல்களுக்கு அதைச் சூட்டக்கூடாது என்பேன்.

பாய்தல் தன்வினை. சித்தர் தன் வலிமையால், தான் தேர்ந்த உடலுக்குப் போகிறார். ரிச்சர்ட் மோர்கன் 2002இல் எழுதிய 'ஆல்டர்ட் காபன்' நாவலில் நடப்பது வேறு. தண்டனை பெற்றவனின் நனவைச் சேமிப்பில் போட்டுவிடுகிறார்கள். அவனுடைய உடல் வாடகைக்குப் போகிறது. தவணை முடிந்து எழுபவன் எவருடைய உடலில் கண் விழிப்பான் என்பது அவன் கையில் இல்லை. ஒருவர் செய்ய, இன்னொருவருக்கு நேர்கிறது. இதற்குப் பிறவினைதான் வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கூடு பாய்ந்தால் பழைய கூடு வெறுமையாகிவிடும். திருமூலர் இருவர் ஆகியிருக்க வழியில்லை. தரவு அப்படி நடந்துகொள்ளாது. ஒரு வட்டிலிருந்து இன்னொரு வட்டுக்குக் கோப்பை 'நகர்த்து' என்று கணினியிடம் சொன்னால், அது முதலில் புதிய வட்டில் படியை எழுதுகிறது. எழுதி முடிந்த பிறகுதான் மூலத்தை நீக்குகிறது. நீக்கும் கட்டத்தைச் செய்யாமல் விட்டால் ஒரே ஆள் இருவர். நாவல் அதைக் கடுங்குற்றம் ஆக்கியிருப்பது இதனால்தான். அதில் வரும் பெருஞ்செல்வருடைய நனவு 48 மணிக்கொருமுறை தொலைவில் உள்ள சேமிப்புக்குப் போகிறது. அவர் இறந்து மீளும்போது, கடைசிச் சேமிப்புக்குப் பிந்திய நினைவு எதுவும் அவரிடம் இல்லை. கதையின் முடிச்சே அந்த இடைவெளிதான். 'பாய்தல்' என்று எழுதினால் வாசகருக்கு இந்த இடைவெளி புரியாது. பாய்ந்த உயிர் எல்லா நினைவோடும் அல்லவா பாயும்?

அதனால் 'நனவுப்பெயர்ப்பு' என்கிறேன். மொழிபெயர்ப்பில் மூலநூல் அழிவதில்லை. பெயர்த்ததும் மூலமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கல்லைப் பெயர்த்தால் இருந்த இடம் பள்ளமாகிவிடும். இரண்டு நிலைமையையும் இந்த ஒரே வினை ஏற்கெனவே சுமக்கிறது. இன்னொன்று: திருகோணமலையில் 'இடப்பெயர்வு' என்ற சொல்லை எவரும் அகராதி பார்த்துப் புரிந்துகொள்வதில்லை. விரும்பாமல் போனவர், திரும்பினால் வேறொருவர் குடியிருக்கக் கண்டவர் என்ற பொருளெல்லாம் அதற்குள் இருக்கின்றன. இந்த நாவல்களின் கசப்பும் அதேதான்.

'நனவு' ஏன்? 'உணர்வு' தொடுகை, வலி என்ற பக்கம் இழுக்கிறது. 'பிரக்ஞை' இலக்கியக் கட்டுரைக்கு நல்லது. வினையோடு கூடும்போது வாயில் நிற்காது. 'நினைவு' என்றால் சேமித்த தகவல் மட்டும். உளவியலில் 'நனவிலி' ஏற்கெனவே புழங்குவதால் 'நனவு' தனியாக நிற்காது, குடும்பத்தோடு வரும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். நனவைப் பெயர்த்தார்கள், பெயர்க்கப்பட்டவள், பெயர்ப்பகம், பெயர்க்க இயலாத: எல்லாம் ஓடுகின்றன. ஓர் ஆபத்து: கடைசி 'ப்பு' விடுபட்டு 'நனவுப்பெயர்' என்று அச்சானால் ஏதோ புனைபெயர் போலாகிவிடும். மெய்ப்புப் பார்ப்பவர் கவனிக்க வேண்டும்.

உடலுக்குள் இறக்குவதை 'பதிவிறக்கம்' என்று எழுதாதீர்கள். தமிழில் உடலுக்குள் வருவது ஏறும்: பேய் ஏறும், தெய்வம் ஏறும். ஆகவே 'உடலேற்றம்'. ஒரே ஆளை இரண்டு உடலில் ஏற்றுவது 'இரட்டை உடலேற்றம்'.

நனவைச் சேமித்துப் பிடரியில் பதிக்கும் கருவியை மூலம் 'ஸ்டாக்' என்கிறது. அதற்கு 'அடுக்கு' எடுபடாது. உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைக்கு அடுக்கு என்றால் கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் தரவுக் கட்டமைப்பு. 'நனவகம்' கட்டடம் போல ஒலிக்கிறது. 'நனவுப்பேழை' என் தெரிவு. பேழை உடையலாம், களவு போகலாம், நிலத்தில் புதைந்து கிடக்கலாம். கதையில் இவையெல்லாம் நடக்கின்றன. பேழை சிதைந்தால்தான் 'மெய்ச்சாவு'. கன்னியா வெந்நீரூற்றில் இறந்தவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்வதென்றால் உடல் போன நாளிலிருந்து எண்ணுவதா, பேழை போன நாளிலிருந்தா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு சாவுக்கும் இரண்டு சொல் ஏன் வேண்டும் என்பது உடனே விளங்கும்.

மூதூரிலிருந்து:

அண்ணா, 'நனவுப்பெயர்ப்பு' எனக்குச் சம்மதம். ஆனால் அதைப் புனைவுக்குள் மட்டும் வையுங்கள். 2024இல் ஹாவார்ட், கூகிள் ஆய்வாளர்கள் வெளியிட்டது மனித மூளை மேற்பட்டையின் ஏறத்தாழ ஒரு கன மில்லிமீற்றர். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சீவல்களாக வெட்டி, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் படமெடுத்தார்கள், தரவு 1.4 பெற்றாபைற்று, அதாவது 1,400 தெராபைற்று. முழு மூளை பத்து இலட்சம் கன மில்லிமீற்றருக்கும் மேல். வெட்டிய இழையம் திரும்ப ஒட்டாது. கிடைத்தது எந்தக் கலம் எதனோடு தொடுகிறது என்ற படம். அது நனவு அல்ல. அதற்கு 'நரம்பிணைப்பு வரைபடம்' என்று வேறு சொல் வேண்டும். செய்தித்தாள்கள் இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

மாற்றிப்போடும் உடலுக்கு இதுவரை ஒருவரும் சொல் தரவில்லை. 'சட்டைக்கை' பிழை; மூலச் சொல்லான 'ஸ்லீவ்' என்பதில் உறை என்ற பொருளும் உண்டு. எஞ்சின் சிலிண்டர் தேய்ந்தால் உள்ளே இறக்கும் இரும்புக் குழலுக்கும் அதே பெயர்தான்: எஞ்சின் அப்படியே இருக்கும், உறை மாறும். எனவே 'உறை'. உறைதல் என்றால் தங்குதல் என்பதும் கூடவே வருகிறது. வாடகை உடலுக்கு மட்டும் 340ஆம் குறளில் உள்ள 'துச்சில்' எடுத்துக்கொள்ளலாம். உடம்பில் ஒதுக்குக்குடி இருக்கும் உயிருக்குத்தான் வள்ளுவர் அதைச் சொல்கிறார். நிலையான வீட்டுக்கு அதே குறளில் 'புக்கில்'. சொந்தமாகத் தன் படியுடல்களை வளர்த்து வைத்திருக்கும் செல்வருக்குப் புக்கில், சிறையிலிருந்து எழுபவனுக்குத் துச்சில்.

ரீச்சர்:

தம்பிமார் இருவருக்கும் நன்றி. பிறவினை வாதத்தை ஏற்கிறேன். 'துச்சில்' பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் வாசிப்பில் புரியாது. முதன்முறை வரும் இடத்தில் 'வாடகை உறையான துச்சில்' என்று எழுதுங்கள், அடுத்த பக்கத்திலிருந்து தனியே நிற்கும். 'கூடுபாய்தல்' முழுவதும் கைவிடப்பட வேண்டாம். புக்கில் உள்ளவர் தன் விருப்பில், தன் செலவில் உடல் மாறும் காட்சிகளில் பாத்திரங்களின் பேச்சில் அது வரட்டும். தம் செயலை அவர்கள் அப்படித்தான் அழகாகச் சொல்லிக்கொள்வார்கள். கதைசொல்லி மட்டும் பெயர்ப்பு என்றே சொல்ல வேண்டும்.

விண்ணூடாக நனவை அனுப்புவதற்கு, மூலத்தில் 'நீடில்காஸ்ட்' எனப்படுவதற்கு, இன்னும் சொல் இல்லை. 'ஊசிவீச்சு' வேண்டாம், நம் காதுக்கு ஊசி என்றால் ஆஸ்பத்திரி. 'நனவெய்தல்' மயக்கம் தெளிவதைக் குறித்துவிடும். 'நனவுச்செலுத்துகை' நீளம்தான், ஆனால் பிழையில்லை. இதைவிடச் சிறியது கிடைத்தால் வினைமுற்றோடு ஒரு வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள்.