ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பயன்படுத்துகிறோம், மைஎஸ்கியூஎல் மெமரியைக் குறைக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரி பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் இடத்தில் கணக்கு பார்க்கிறேன். 4 ஜிபி ராம் உள்ள ஒரே லினக்ஸ் கம்ப்யூட்டர், எடை பதிகிறவர், பட்டுவாடா பார்க்கிறவர், நான் என்று எல்லாரும் அதில்தான் லாகின் செய்கிறோம். டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல் 8 ஓடுகிறது. சாயங்காலம் இலை மூட்டைகள் வந்து இறங்கும்போது ஸ்வாப் (ராம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) நிரம்பி, எடையைத் தட்டினால் திரையில் எண் வரவே நேரமாகிறது, நாள் முழுக்க இலை பறித்துவிட்டு வந்த அக்காக்கள் மழைச்சாரலில் வரிசையில் நிற்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

டேட்டாவை மெமரியில் வைத்துக்கொள்ளும் இன்னோடிபி பஃபர் பூல் இயல்பான 128 எம்பியில்தான் இருக்கிறது, அதில் கை வைத்துப் பெரிய லாபம் இல்லை. வரிசைப்படுத்தவும் டேபிள்களை இணைக்கவும் பயன்படும் சார்ட் பஃபர், ஜாயின் பஃபர் எல்லாம் ஒவ்வொரு இணைப்பும் தனித்தனியாக எடுத்துக்கொள்வதால், ஒரே நேரத்தில் அனுமதிக்கும் இணைப்புகளின் உச்ச அளவான மேக்ஸ் கனெக்‌ஷன்ஸை 151-லிருந்து 20 ஆக்கலாம் என்றிருக்கிறேன். சரி, டேட்டாபேஸின் உள்ளே நடப்பதைக் கண்காணிக்கும் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவை நிறுத்தினால் நல்ல மிச்சம் கிடைக்கும் என்கிறார்கள், நிறுத்தி ஓட்டுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி-யில் மெமரிமேக்ஸ் என்ற மெமரி உச்சவரம்பு போட்டால் எல்லை தாண்டியதும் டேட்டாபேஸையே கொன்றுவிடுமே, எடை பதிவின் நடுவில் அது நடந்தால் என்ன செய்வது? இதே மாதிரி சின்ன மெஷினில் ஓட்டுகிறவர்கள் உங்கள் கான்ஃபிக் ஃபைலை அப்படியே இங்கே போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.