12 இஞ்ச் சில்க் தம்ப் டிப்புக்குள்ள போகுமா?

கீழக்கரை_காக்கா:
பத்தாவது படிக்கிற பையன், பாம்பன் பக்கம் திருவிழா மேடையில முதல் மேஜிக் ஷோ, என்ன வாங்கலாம்னு ஒருத்தர் கேட்டிருந்தார். "தம்ப் டிப் ஒண்ணு, 12 இஞ்ச் சில்க் ஒண்ணு, ஒரு வாரத்துல ரெடி"ன்னு தொண்டிக்காரர் அடிச்சுவிட்டிருக்காரு. தம்ப் டிப்னா கட்டைவிரல்ல மாட்டி, உள்ள சில்க் துணியை ஒளிச்சு வைக்கிற பொய் விரல். அந்த பிளாஸ்டிக் விரலுக்குள்ள 12 இஞ்ச் துணி எங்கேங்க போகும்? 9 தான் கணக்கு. கத்துக்குற பையனுக்கு 6.

தொண்டிக்காரன்:
போகும். மூணு இஞ்சுக்கு இம்புட்டுக் கூப்பாடா?

கீழக்கரை_காக்கா:
மூணு இஞ்சா? சதுரத் துணி அண்ணே அது. ஒன்பதுக்கு ஒன்பது 81, பன்னெண்டுக்குப் பன்னெண்டு 144. ஓரம் மடிச்சுத் தைச்ச தையல் வேற தனியா இடம் பிடிக்கும். உள்ள நிரம்பிட்டா கட்டைவிரல் முதல் கணு வரைக்கும் இறங்காது, நுனியில தொப்பி மாதிரி நிக்கும். கையை விரிச்சுக் காட்டுறப்ப கழண்டு விழும். கடையில பட்டுன்னு தர்றது பாலியெஸ்டரா இருந்தா இன்னும் மோசம், அமுக்க அமுக்க மேல எழும்பும்.

தொண்டிக்காரன்:
அமுக்கத் தெரியணும். ஒரு மூலையை அடியில விட்டு, கொஞ்சங்கொஞ்சமாக் குத்தி இறக்கி, எதிர்மூலையைக் கடைசியா வாய்கிட்ட விடணும். அப்பத்தான் உருவி எடுக்குறப்ப சிக்காது. பந்தாச் சுருட்டித் திணிக்கிறவுகளுக்கு 6 கூடப் போகாது. 12 போகும்.

உச்சிப்புளி:
நிறைய டிப்பு வெள்ளைக்காரன் ரோஸ் நிறத்துல வருதே. நம்ம பிள்ளை கையில பளிச்சுன்னு தெரியாதா?

கீழக்கரை_காக்கா:
நிறம் கிடக்கட்டும் தம்பி. விரல் நுனி சனத்தைப் பாத்து நேரா நிக்கணும், அப்ப நீளமும் தெரியாது நிறமும் தெரியாது. பக்கவாட்டுல திரும்பினாத்தான் மாட்டும். கோயில் மேடைக்கு மூணு பக்கமும் ஆள் உக்காந்திருக்கும். திணிக்கிற நேரம் குறையணும்னுதான் 9ஐத் தாண்டாதீகன்னு கத்துறேன்.

தொண்டிக்காரன்:
9 இஞ்சைக் கடைசி வரிசைக்காரன் பூதக்கண்ணாடி வச்சா பாப்பான்?

கீழக்கரை_காக்கா:
கச்சான் காத்து அடிக்கிறப்ப பெரிய துணி பையன் மூஞ்சியிலதான் போய் ஒட்டும். உப்புக்காத்துல ஈரம் ஏறின சில்க் விரியாமக் கொத்தா நிக்கும். பேப்பர் சீட்டுக்கட்டும் அப்படித்தான், ஊறிப்போனா விசிறியா விரியாது. வேர்த்த விரல் டிப்புல வழுக்கும், கையைத் துடைச்சிட்டு லேசாப் பவுடர் போடணும். ஒரு வாரம்னு எழுதுனவருக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது.

பரமக்குடி_பாண்டி:
தொழில் ரகசியத்தைச் சந்தியில போட்டு உடைக்கிறீகளே, வெக்கமா இல்ல? அந்தரத்துல கயிறை நிக்க வச்சுப் பையனை ஏத்துற கயித்து வித்தை காட்டின நாடு இது!

கீழக்கரை_காக்கா:
அந்தக் கயித்து வித்தை 1890ல சிகாகோ ட்ரிப்யூன்கிற அமெரிக்கப் பேப்பர் கட்டிவிட்ட கதை. நாலு மாசத்துல அந்தப் பேப்பரே மறுத்துருச்சு. பெருமை பேச வேற ஏதாச்சும் தேடுங்க.

பரமக்குடி_பாண்டி:
எல்லாம் தெரிஞ்ச ஏகாம்பரம் வந்துட்டாரு. கீழக்கரையில வேற ஆளே இல்லையா?

கீழக்கரை_காக்கா:
கடக்காத்தே படாத ஊர்ல இருந்து வந்து பேச்சைப் பாரு.

தொண்டிக்காரன்:
மெல்லிய அசல் பட்டா இருந்தா 12 போகும்.

கீழக்கரை_காக்கா:
ஓஹோ, இப்பத்தான் "அசல் பட்டு" வருது. முதல்ல எழுதுனப்ப அது எங்க போச்சு?

தொண்டிக்காரன்:
போகும்னா போகும்.