மறு: புரோட்டோலித் – தாய்ப்பாறையா, முன்னுருவா?

> 'தாய்ப்பாறை' போதுமே. ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் சொல்தானே?

ஐயா, உருமாறிய பாறை மாறுவதற்கு முன் எந்தப் பாறையாக இருந்ததோ அதுதான் புரோட்டோலித். அதைத் 'தாய்ப்பாறை' என்று சொல்ல அந்தப் புழக்கம்தான் எனக்குத் தடையாகப் படுகிறது. மண்ணியலில் தாய்ப்பாறை என்றால் சிதைந்து மண்ணைத் தரும் பாறை. அங்கே அது பொருத்தம். மேலே மண் உருவான பிறகும் கீழே பாறை மிச்சம் இருக்கும். உருமாற்றத்தில் அப்படி இல்லை. வெப்பமும் அழுத்தமும் ஏற ஏற, களிப்பாறையே சிலேட்டாகிறது, சுண்ணாம்புப் பாறையே சலவைக்கல்லாகிறது. ஈன்றது வேறு, பிறந்தது வேறு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதனால்தான் 'முன்னுரு' என்கிறேன். 'உருமாறிய பாறை' பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. அது மாறுவதற்கு முன் கொண்டிருந்த உரு முன்னுரு. தனித்துச் சொல்லும்போது முன்னுருப் பாறை.

அடித்தளப் பாறைகளின் வயதைப் பேசும்போது இந்தச் சொல் இன்னும் கைகொடுக்கும். வரிவரியாகத் தெரியும் உருமாறிய பாறையான நைஸில் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்ந்து வெளிர்வரி, பயோட்டைட் என்ற கருப்பு மைக்கா சேர்ந்து கருவரி. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் சிர்க்கான் என்ற கனிமத்தின் மணிகள். சிர்க்கான் படிகமாகும்போது யுரேனியத்துக்கு இடம் கொடுக்கும், ஈயத்தை அநேகமாகச் சேர்க்காது. ஆகவே இன்று உள்ளே இருக்கும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235க்கு 70 கோடி. இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் வயதை நம்பலாம்.

சரி, எதன் வயது? மணியைப் பாதியாகத் தேய்த்து எலக்ட்ரான் கற்றையில் பார்த்தால் நடுவே ஒரு கரு, அதைச் சுற்றிப் பின்னால் வளர்ந்த விளிம்பு. கரு சொல்வது முன்னுரு வயது, விளிம்பு சொல்வது உருமாற்ற வயது. கனடாவின் அகாஸ்டா நைஸுக்கு 403 கோடி ஆண்டு என்கிறோமே, அது முன்னுரு வயது. அந்தப் பாறை உருமாறியது அதற்குப் பிறகு. இதையே 'தாய்ப்பாறை வயது' என்று எழுதினால், பக்கத்தில் கிடக்கும் வேறொரு பாறையின் வயது என்றல்லவா படும்?

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். முன்னுரு தீப்பாறையாக இருந்தால் மேலே சொன்னது சரி. படிவுப் பாறையாக இருந்தால் கருவின் வயது முன்னுருவையும் தாண்டி இன்னும் பழைய காலத்துக்குப் போய்விடும். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் 440 கோடி ஆண்டு மணிகள், சுமார் 300 கோடி ஆண்டுக்கு முன் படிந்த கூழாங்கற்பாறையில் கிடக்கின்றன. இப்படி ஆறு அடித்துவந்து சேர்த்த மணிகளை 'ஒதுங்கு மணி' என்று சொல்லிப் பார்த்தேன். வெள்ளத்தில் ஒதுங்கிய மணல் என்கிறோம் அல்லவா, அதை ஒட்டி. இதைவிட நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.